பஸ் நிலையத்துக் கூட்டிலிருந்து விக்டோரியா பூங்கா வரை: மலையகத்தில் பறவை பார்க்கத் தொடங்குவோருக்கு

பறவை பார்க்கும் ஆசையோடு இலங்கை மலையகத்துக்கு வருகிறவர்கள் பலரும் முதல் நாளே ஹோட்டன் சமவெளிக்கு வண்டி பிடிக்கிறார்கள். மூடுபனிக்குள் எங்கோ ஒரு கிளை அசைகிறது. வழிகாட்டி ஒரு பெயர் சொல்கிறார். தொலைநோக்கியைக் கண்ணில் வைப்பதற்குள் பறவை போய்விடுகிறது. மாலையில் கொப்பியில் பதினைந்து பெயர்கள் இருக்கும். அவற்றில் நிதானமாகப் பார்த்தது இரண்டோ மூன்றோதான்.

இதைத் தலைகீழாகச் செய்வதே நல்லது. முதல் இரண்டு வாரம் ஊருக்குள் கூடு கட்டும் பறவைகளை மட்டும் பாருங்கள். கூட்டில் குஞ்சிருக்கும் பறவை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். ஆளுக்கும் வண்டிக்கும் பழகியிருக்கும். தவறவிட்டாலும் சில நிமிடத்தில் மறுபடி வந்துவிடும். கண்ணும் கையும் பழக இதைவிட வசதியான இடம் கிடைக்காது. வழிகாட்டியோடு போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த காசுக்கு அப்போதுதான் முழுப் பயன் கிடைக்கும்.

எப்போது

மலையகத்தில் நாட்காட்டியோடு மலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹட்டன், நோர்வூட், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நனைக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் பெரிய மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு ஆண்டின் கடைசியில் வரும். ஊர்ப் பறவைகள் கூடு கட்டும் முக்கிய காலம் பெப்ரவரி முதல் மே வரை. ஓகஸ்ட், செப்டெம்பரில் சில பறவைகள் இரண்டாம் தடவையும் கட்டும். வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகளை ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை காணலாம். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் பார்க்கச் சிறந்த காலம் பெப்ரவரியும் மார்ச்சும்.

காலை ஆறு முதல் ஒன்பது வரையும், மாலை நான்கு முதல் இருட்டும் வரையும் நல்ல நேரம். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். அந்த மாதங்களில் மாலையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கையில் என்ன வேண்டும்

எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீற்றர் முன்வில்லையுள்ள தொலைநோக்கியே இந்த மலைக்குப் பொருத்தம். பெட்டியில் 8x42 என்று போட்டிருக்கும். பத்து மடங்கு வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்துவார். பத்து மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும்; பழகாத கைக்குப் பறவையைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாகிவிடும். கையடக்கமான 8x21 வகை மூடுபனியிலும் மரநிழலிலும் இருட்டாகத் தெரியும். முன்வில்லையின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால் மில்லிமீற்றர். 21ஐ வகுத்தால் இரண்டரைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இருட்டாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். நீர் புகாத, உள்ளே நைதரசன் வாயு நிரப்பிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். அப்படியில்லாவிட்டால் நுவரெலியாக் குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழைந்ததும் வில்லையின் உட்பக்கம் பனிக்கும். ஈரம் தங்கினால் நாளடைவில் பூஞ்சணமும் பிடிக்கும். வீட்டில் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடுங்கள்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, இரு வட்டங்களும் ஒன்றாகத் தெரியும்படி உங்கள் கண் அகலத்துக்குச் சரிசெய்யுங்கள். பின் வலது முன்வில்லையைக் கையால் மூடிக்கொண்டு, தூரத்திலுள்ள ஒரு பெயர்ப்பலகையை இடது கண்ணால் பார்த்து, நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அடுத்து இடது வில்லையை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்கம் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். இதைச் செய்யாமல் பார்க்கிறவர்களுக்கு அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். பழியைத் தொலைநோக்கியின் மேல் போட்டுவிட்டு அதை அலுமாரியில் வைத்துவிடுவார்கள்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும். பறவையைப் பிடிக்க ஒரு பழக்கம் வேண்டும்: கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் தொலைநோக்கியை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கிளை தவறிவிடும்.

மற்றபடி சட்டைப் பைக்குள் அடங்கும் கொப்பி, பென்சில் (நனைந்தாலும் எழுதும்), குடை, மங்கிய நிற உடை. இவ்வளவுதான்.

ஊருக்குள் யார் எங்கே கட்டுகிறார்கள்

முதலில் தேட வேண்டியது தகைவிலான் கூடு. தேயிலைத் தொழிற்சாலையின் வாசல், பழைய பங்களாவின் விறாந்தை, கடைத்தெருக் கூரையின் உட்பக்கம், ரயில் நிலைய மேற்கூரை என்று எங்கும் நிமிர்ந்து பாருங்கள். சுவரும் கூரையும் சேரும் மூலையில், சிறு சிறு சேற்று உருண்டைகளை அடுக்கிய அரைக்கிண்ணம் ஒன்று ஒட்டியிருந்தால் அது மலைத் தகைவிலானின் கூடு. அடியில் தரையில் வெள்ளை எச்சம் புதிதாக இருந்தால் கூட்டில் ஆளிருக்கிறது. இந்தப் பறவை ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வது. ஒக்டோபரில் மின்கம்பியில் வரிசையாக வந்து உட்காரும் வலசைத் தகைவிலானோடு இதைக் குழப்பிக்கொள்வது வழக்கம். வலசை வந்ததற்கு வயிறு வெளுப்பு, மார்புக்குக் குறுக்கே கருநீலப் பட்டை, வளர்ந்த பறவைக்கு வாலில் நீண்ட இரு கம்பிகள். உள்ளூர்க்காரருக்கு மார்புப் பட்டை கிடையாது. தொண்டைச் செம்பழுப்புக்குக் கீழே வயிறு புகை படிந்த சாம்பல், வால் குட்டை. கம்பியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் நாட்களில் இந்த வேறுபாட்டைப் பழகிக்கொண்டால் மறக்காது.

பாலத்துக்கு அடியிலும் மதகுக்குள்ளும் பார்த்தால், குழல்போல் நீண்ட வாசலோடு முழுக்க மூடிய சேற்றுக் கூடு ஒன்று இருக்கலாம். அது இலங்கைத் தகைவிலானுடையது. உடலின் கீழ்ப்பகுதி முழுவதும், பறக்கும்போது தெரியும் இடுப்பும் அடர்ந்த செங்கல் நிறம். உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் பறவைகளில் ஒன்று சாலையோர மதகுக்குள் குடித்தனம் நடத்துகிறது. அதைப் பார்க்க நுழைவுச்சீட்டும் வேண்டாம்.

இதே வானத்தில் சுற்றுவது உழவாரன். இடுப்பில் வெள்ளைப் பட்டையுள்ள சிறிய உழவாரன், உயரமான கட்டடங்களின் உட்கூரையில் இறகையும் புல்லையும் எச்சிலால் ஒட்டி, கூட்டம் கூட்டமாகக் கட்டும். கம்பியிலோ கிளையிலோ ஒருபோதும் உட்காராது. அதன் கால் பற்றித் தொங்கத்தான் உதவும். கம்பியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தீர்களென்றால் அது உழவாரன் இல்லை.

சிட்டுக்குருவியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆண் குருவிக்குத் தொண்டையில் கறுப்பு, பெண்ணுக்கு அது இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள். அடைகாப்பு 11 முதல் 14 நாள். குஞ்சு கூட்டைவிட்டு வெளிவர இன்னும் ஏறத்தாழ இரண்டு வாரம். இலங்கை வீடுகளில் கூரையோரம் இவற்றுக்கென்றே மண்முட்டி கட்டித் தொங்கவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

கொண்டைக்குருவி துணிச்சல்காரப் பறவை. வாலடியில் சிவப்புள்ள இது வீட்டுக்குள் விளக்குக் கூண்டிலும், திரைச்சீலைக் கம்பியிலும், விறாந்தைப் பூச்சாடியிலும் கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று முட்டைகள், இளஞ்சிவப்பில் கருஞ்சிவப்புப் புள்ளிகளோடு. ஏறத்தாழ 14 நாளில் பொரிக்கும். விளக்கின் மேல் கட்டிவிட்டால் அந்த விளக்கைப் போடாமல் ஒரு மாதம் சமாளியுங்கள், வேறு வழியில்லை.

சாம்பல் முதுகும் கருந்தலையும் வெள்ளைக் கன்னமும் உள்ள பட்டாணிக்குருவி, சுவர்த் துவாரத்திலும் வெட்டிப்போட்ட இரும்புக் குழாயிலும் புகுந்து கட்டும். குண்டுக்கரிச்சான் மரப்பொந்தையும் சுவர் ஓட்டையையும் தேடும். விடியுமுன் கூரை உச்சியிலிருந்து நீளமாகப் பாடுவது பெரும்பாலும் இதன் ஆண்தான். மற்றப் பறவைகளின் குரலையும் இடையிடையே கலந்துவிடும் என்பதால் காதை மட்டும் நம்பிப் பெயர் எழுதாதீர்கள். மணிப்புறா நாலைந்து குச்சியைக் குறுக்கே போட்டு இரண்டு முட்டையிட்டுவிடும். கீழிருந்து பார்த்தால் முட்டையே தெரியும் அளவுக்குக் கூடு மெலிது. காகத்தின் கூட்டைப் பார்க்கப் போனால் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், குஞ்சுள்ள காகம் பின்னாலிருந்து வந்து தட்டும். அந்தக் கூட்டில் குயில் குஞ்சும் இருக்கலாம். காகம் வேறு நிறக் குஞ்சுக்கு ஊட்டுவதைக் கண்டால் அரை மணி நேரம் நிற்கத் தகும்.

கண்டியில் இருப்பவர்களுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் உண்டு. கடைசி மன்னன் 1807இல் கட்டுவித்த ஏரியைச் சுற்றியுள்ள மரங்களில் மாலையானால் நீர்க்காகங்களும் கொக்குகளும் வந்தடையும். குடை கொண்டுபோங்கள், மழைக்காக அல்ல.

ஒரு கூட்டைப் பார்க்கும் முறை

கூட்டைக் கண்டதும் கிட்டப் போகத் தோன்றும். போகாதீர்கள். பத்து மீற்றராவது தள்ளி, சுவரையோ தூணையோ ஒட்டி நில்லுங்கள். பறவையின் வழக்கமான பறக்கும் பாதையில் நிற்கக்கூடாது. அது எந்தப் பக்கமாக வந்து போகிறதென்று முதலில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு இடம் தேர்ந்தெடுங்கள். ஆள் நடமாட்டமுள்ள விறாந்தைத் தகைவிலானுக்கு இந்தத் தூரம் தேவைக்கு மிஞ்சியது. வேலியோரத்துக் கூட்டுக்குப் பத்து மீற்றரும் போதாமல் போகலாம்.

வாயில் இரையோடு வந்த பறவை கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையில் நின்று கத்துகிறதா? நீங்கள் கிட்டே நிற்கிறீர்கள். இன்னும் பின்வாங்குங்கள். அப்படியும் ஐந்து நிமிடத்துக்குள் அது உள்ளே போகவில்லையென்றால் அன்றைக்கு அந்தக் கூட்டை விட்டுவிடுங்கள். மலைக் குளிரில் இறகு முளைக்காத குஞ்சு சூடில்லாமல் நெடுநேரம் தாங்காது. நல்லபடி நடக்கும் கூட்டிலும் இருபது நிமிடம் போதும்.

இலையை விலக்கிப் படமெடுப்பது கூட்டைக் காகத்துக்கும் பூனைக்கும் காட்டிக் கொடுப்பதாகும். மழையும் நேரே உள்ளே இறங்கும். கூட்டை அழிப்பது சட்டப்படியும் குற்றம்: 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான பறவைகளுக்கும் அவற்றின் முட்டை, கூடுகளுக்கும் காப்பளிக்கிறது. கட்டடத்துக்கு நிறம் பூசும் வேலையைக் கூடு காலியான பிறகு வைக்கும்படி உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். காலத்தைச் சொல்லிக் கேட்டால், “ஐயா, இன்னும் மூன்று கிழமை பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றால், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். எச்சத்தைக் காரணம் காட்டினால், கூட்டுக்கு ஓரடி கீழே ஒரு பலகைத் துண்டை அடித்துவிடச் சொல்லுங்கள். பிரச்சினை அதோடு முடியும்.

குருவிப் பெட்டி

15 மில்லிமீற்றர் தடிப்புள்ள, இழைக்காத பலகை எடுங்கள். உள்ளளவு அடியில் 15 சென்ரிமீற்றர் சதுரம், உயரம் 22 முதல் 25. வாசல் துளை 32 மில்லிமீற்றர் விட்டம், அடித்தட்டிலிருந்து 15 சென்ரிமீற்றர் மேலே. துளை 45 மில்லிமீற்றரைத் தாண்டினால் மைனா புகுந்துகொள்ளும். 28க்குக் குறைத்தால் குருவி நுழையாது, பட்டாணிக்குருவி நுழையும், அதுவும் நட்டமில்லை. அடித்தட்டில் நான்கு மூலையிலும் 5 மில்லிமீற்றர் வடிகால் துளைகள். கூரையை முன்பக்கம் சரித்து ஐந்து சென்ரிமீற்றர் நீட்டிவிடுங்கள். வாசலுக்கு வெளியே குச்சி வைக்காதீர்கள். குருவிக்கு அது தேவையில்லை, கொள்ளையடிக்க வருகிறவருக்குத்தான் வசதி. உள்ளே பெயின்ற் வேண்டாம்.

தரையிலிருந்து மூன்று மீற்றர் உயரத்தில், கூரை நிழலில் மாட்டுங்கள். ஹட்டன் பக்கம் என்றால் வாசல் தென்மேற்கைப் பார்க்கக்கூடாது, சாரல் நேரே உள்ளே அடிக்கும். தகரப் பெட்டி வெயிலில் கொதித்து இரவில் விறைக்கும். குருவி கூட்டமாய் வாழ்வது. ஒன்றைவிட மூன்றை ஒரு மீற்றர் இடைவெளியில் மாட்டினால் குடிவர வாய்ப்பு அதிகம்.

பெட்டி மாட்டியும் குருவி வரவில்லையென்று குறைப்படுபவர்களின் முற்றத்தைப் பார்த்தால் பெரும்பாலும் முழுக்கக் கொங்கிரீற்றாக இருக்கும். பெரிய குருவி தானியம் தின்னும், குஞ்சுக்கோ புழுவும் பூச்சியும் வேண்டும். ஒரு மூலையில் மருந்தடிக்காத கீரைப்பாத்தியோ செடிவேலியோ இல்லாவிட்டால் பெட்டி வெறும் அலங்காரம்தான். பாண் துண்டு போடுவது குஞ்சுக்கு உதவாது, எலியை அழைத்து வரும்.

வழிகாட்டியோடு முதல் நடை

நுவரெலியா நகரின் நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவே முதல் நடைக்கு ஏற்றது. விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி 1897இல் பெயர் பெற்ற இந்தப் பூங்கா, பறவை பார்ப்போரிடையே உலகெங்கும் அறியப்பட்டது. இமயமலைப் பக்கம் இனம்பெருக்கும் அரிய பறவைகள் பனிக்காலத்தைக் கழிக்க இங்கே வருகின்றன. காஷ்மீர் ஈபிடிப்பான் வருவது இலங்கை மலைக்கும் தென்னிந்திய மலைகளுக்கும்தான். ஆணின் செம்மஞ்சள் மார்பை இருபக்கமும் கறுப்பு விளிம்பு கட்டும். தரையில் சருகைக் கிளறும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவி, முதுகு நீலமும் வயிறு செம்மஞ்சளுமான இந்திய நீலப்பாடி, காலையிலும் மாலையிலும் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவி ஆகியவையும் இங்கே உண்டு. இவற்றை அழகான பூப்பாத்திகளில் தேடாதீர்கள். பூங்காவின் ஓரத்தில், செடி அடர்ந்த, குப்பையும் ஒதுங்கும் ஓடைக்கரையில்தான் புழு இருக்கிறது, பறவையும் இருக்கிறது. ஏப்ரல் வசந்த காலத்தில் கூட்டம் நெரியும். அந்த இரண்டு மூன்று வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். வாயில் திறக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டுவையுங்கள்.

வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டியவை: எத்தனை மணி நேரம், கூலி ஆளுக்கா குழுவுக்கா, நுழைவுச்சீட்டும் வாகனமும் அதில் சேர்ந்ததா, குழுவில் எத்தனை பேர். எட்டுப் பேருக்கு மேல் என்றால் பின்னால் நிற்பவருக்குப் பறவை கிடையாது. “பதிவு செய்த குரலை ஒலிக்க விடுவீர்களா?” என்றும் கேளுங்கள். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று எண்ணி, ஊட்டுவதை விட்டுவிட்டுப் பறவை வெளியே வருவதே அந்த வித்தை. கூடு கட்டும் மாதங்களில் அதைச் செய்யாதவரே நல்ல வழிகாட்டி. இருபத்தைந்து பறவைக்கு உத்தரவாதம் தருகிறவரைவிட, “இன்றைக்குப் பனி, ஓடைக்கரையில் உட்கார்ந்து பார்ப்போம்” என்கிறவரை நம்பலாம்.

நடக்கும்போது பேச்சைக் குறையுங்கள், விரல் நீட்டாதீர்கள். பறவை இருக்குமிடத்தைக் கடிகார முறையில் சொல்லப் பழகுங்கள்: “அந்தச் சவுக்கு மரத்தில், உச்சியைப் பன்னிரண்டு என்றால், இரண்டு மணிப் பக்கம், கவட்டுக்கு மேலே.” மரத்தின் பெயர் தெரியாவிட்டால் இதுவும் நடக்காது, ஆகவே சவுக்கு, டர்பன்டைன், முள்முருங்கை மூன்றையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயரை வழிகாட்டி சொன்னதும் எழுதிவிடாமல், அந்தப் பெயருக்கு அவர் கண்ட அடையாளம் என்னவென்று கேளுங்கள். பாதிப் பாடம் அந்தப் பதிலில் இருக்கிறது.

அடுத்த படி ஹக்கலை தாவரவியல் பூங்கா. 1861இல் சிங்கோனா பயிரிடத் தொடங்கிய இடம் அது. மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி, மங்கல்நீல ஈபிடிப்பான், இலங்கை வெள்ளைக்கண்ணி, இலங்கைக் காட்டுப்புறா ஆகிய, இலங்கைக்கே உரிய பறவைகளை அங்கே பாதையில் நின்றே பார்க்கலாம்.

தோட்டத்துக்குள் போனால்

தேயிலை மலைக்குள் நடக்கத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். மருந்தடித்த மலைக்குள் அன்று போகாதீர்கள். கொழுந்து பறிப்பவர்களின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்புவது மரியாதையில்லை, படமெடுப்பதென்றால் “அக்கா, எடுக்கலாமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். எந்த மரத்தில் எது கட்டியிருக்கிறதென்று அவர்களிடமே கேட்கலாம். தினமும் அந்த மலையில் நிற்கிறவர்கள் அவர்கள்தான்.

உண்மையான ஆபத்து குளவி. எங்கே கூடு தொங்குகிறதென்று உள்ளே நுழையுமுன் விசாரியுங்கள். அந்தப் பக்கம் வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போக வேண்டாம். தேன்பருந்து ஒன்று அடையைச் சுற்றுவதைக் கண்டால் வேடிக்கை பார்க்க நிற்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அது கலைத்த கூட்டத்தின் கோபம் கீழே நிற்பவர் மேல்தான் இறங்கும். அட்டை வெறும் தொல்லை. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, மேலே ஈரமான சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் பெரும்பகுதி ஏறாது.

எழுதி வைப்பது

திகதி, நேரம், இடம், வானிலை, எத்தனை பறவை, என்ன செய்தது. கூடென்றால் கட்டுகிறதா, அடைகாக்கிறதா, ஊட்டுகிறதா என்ற நிலை. பெயர் தெரியாதபோது அலகின் வடிவத்தையும் மார்பின் நிறத்தையும் எழுதுங்கள், பெயரைப் பிறகு தேடலாம். பறவையை இனங்காண உதவும் மெர்லின் செயலி இலவசம். நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், மலைக்குள் சிக்னல் கிடைக்காது. குரலைக் கேட்டு அது காட்டும் பெயரை, கண்ணால் பார்க்கும்வரை பட்டியலில் சேர்க்காதீர்கள். பதிவுகளை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையத்தளத்தில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். அரிய பறவையின் கூடு இருக்குமிடத்தை மட்டும் எங்கும் பகிர வேண்டாம். கூட்டு நடைகளுக்கும் வகுப்புகளுக்கும், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழுவை நாடலாம்.

கீழே கிடக்கும் குஞ்சு

கூடு கட்டும் மாதங்களில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். குஞ்சுக்கு இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிறதென்றால் அது விழுந்த குஞ்சல்ல. கொண்டைக்குருவிக் குஞ்சு சரியாகப் பறக்கத் தெரியுமுன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும், தாய் தரையிலேயே ஊட்டும். பூனை வராத உயரமான செடியில் வைத்துவிட்டு விலகுங்கள். இறகில்லாத வெறும் குஞ்சென்றால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள்; மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய். கூடே விழுந்துவிட்டால் சிறு கூடையில் அதை வைத்து, பழைய இடத்துக்குப் பக்கத்தில் கட்டி, ஒரு மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள்.

உழவாரன் தரையில் கிடந்தால் விஷயம் வேறு. அதனால் சமதரையிலிருந்து எழும்பிப் பறப்பது கடினம். துளையிட்ட மூடியுள்ள கடதாசிப் பெட்டியில் இருட்டில் அரை மணி வைத்திருந்து, பின் திறந்த வெளியில் உள்ளங்கையை விரித்து உயர்த்திப் பிடியுங்கள். தானாகக் கிளம்பும். மேலே எறியாதீர்கள், சிறகு அடிபட்டிருந்தால் இரண்டாம் தடவை விழும். கிளம்பாவிட்டால் தண்ணீரோ சோறோ வாயில் திணிக்காமல் பெட்டியை மூடி, அருகிலுள்ள வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கோ மிருக வைத்தியரிடமோ அன்றே கொண்டுபோங்கள்.